செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கணக்கும் எலிக்ஸிரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பட்டறைக்குப் போன வெள்ளி 5 கிலோ, 80 டச் (நூற்றுக்கு 80 பங்கு தனி வெள்ளி). கொலுசாகத் திரும்பி வந்தது 4,862.350 கிராம். கூடவே வெட்டுத்துண்டும் அரப்பொடியுமாக 112.400 கிராம். மீதி எங்கே போனது, அதில் பேசிய சேதாரம் எவ்வளவு, பட்டறைக்காரர் பேரில் எவ்வளவு நிற்கிறது? சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளி கொடுத்துக் கொலுசு வாங்குகிற கடைகளில் ஓயாமல் போடுகிற கணக்கு இது. நோட்டில் இருக்கும் இந்தக் கணக்கை இணையச் செயலியாக மாற்றும்போது, ஊரில் நாலு பேருக்குக்கூடத் தெரியாத எலிக்ஸிர் என்ற நிரல்மொழியில் எழுதலாமா என்பதுதான் கேள்வி.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரிக் கடை, குறிப்பிட்ட ஒருவரின் கணக்கு அல்ல. எடை மேசை 2, வெள்ளி வாங்கிப் போகும் பட்டறைகள் 60, ஒரு கணக்கர், கைப்பேசியில் பார்க்கும் முதலாளி. நிரல் எழுத இரண்டு பேர். வாடகைக்கு எடுத்த 2 ஜிபி விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) ஒன்று. எடை மேசையில் சீட்டு பதிவான நொடியே கணக்கர் திரையிலும் முதலாளி கைப்பேசியிலும் தெரிய வேண்டும். பட்டறைக்காரர் எதிரே நின்றுகொண்டிருக்கும்போது “ஒரு நிமிஷம், ரீஃப்ரெஷ் பண்றேன்” என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

முதலில் கழித்தவை

சேலத்தில் ஆள் தேடினால் கிடைப்பது பிஎச்பி, லாரவெல், வேர்ட்பிரஸ், ரியாக்ட், ஜாவா. இது ஊரின் குறை அல்ல, உலகமே அப்படித்தான். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் 2024 கருத்தாய்வில் ஜாவாஸ்கிரிப்ட் பயன்படுத்துவோர் 62 விழுக்காடு, பிஎச்பி 18, எலிக்ஸிர் ஏறத்தாழ 2.

அதிகம் பேர் தொடாத மொழி என்பதும் செத்துக்கொண்டிருக்கிற மொழி என்பதும் வேறு வேறு. இரண்டையும் பிரிக்க வெளியீட்டுத் தேதிகளைப் பார்த்தால் போதும். எல்ம் அழகான மொழிதான், ஆனால் அதன் 0.19.1 பதிப்பு வந்தது 2019இல். கடைக் கணக்கை அதன்மேல் ஏற்ற மனம் வராது. கிளீம் 1.0 வந்தது 2024 மார்ச்சில், இன்னும் இளங்கன்று. கிரிஸ்டல் 2021இல் 1.0 ஆனது. வேகம் உண்டு, ஆனால் நேரலைத் திரைக்கு வேண்டியதை நாமே கோத்துக்கொள்ள வேண்டியிருக்கும். எலிக்ஸிர் 2014இல் 1.0 ஆனது முதல் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று வந்துகொண்டிருக்கிறது. கடைசி ஐந்து பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் உண்டு. அடியில் ஓடுவது எர்லாங் மொழியின் பீம் இயந்திரம் (நிரலை ஓட்டும் மென்பொருள்). எர்லாங் 1986இல் எரிக்சனில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளை மனத்தில் வைத்துத் தொடங்கி, 1998இல் திறமூலமாக வெளிவந்தது.

பிஎச்பியின் இணையச் சட்டகமான லாரவெல்லைக் கழித்ததற்கு நேர்மையான காரணம் சொல்ல வேண்டும். “பிஎச்பியில் நேரலைத் திரை முடியாது” என்பது பொய். அதற்கான லைவ்வயர் நூலகம் 2019 முதல் இருக்கிறது. வெப்சாக்கெட்டுக்கு (சர்வரும் திரையும் விடாமல் பேசும் இணைப்பு) ரிவர்ப் 2024இல் வந்துவிட்டது. ஆனால் அந்த வழியில் போனால் பிஎச்பி ஓட்டுவது ஒன்று, ரிவர்ப் இன்னொன்று, க்யூ (பின்னணி வேலை வரிசை) ஓட்டுவது மூன்றாவது, பெரும்பாலும் ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளம் நான்காவது. 2 ஜிபி இயந்திரத்தில் நாலு சேவைகளைக் கண்காணிக்க வேண்டும். எலிக்ஸிரின் இணையச் சட்டகமான ஃபீனிக்ஸில் இத்தனையும் ஒரே பீம் இயந்திரத்துக்குள் ஓடும். பின்னணி வேலைக்கு ஓபான் நூலகம் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் அட்டவணையையே க்யூவாக வைத்துக்கொள்ளும், ரெடிஸ் வேண்டாம். ஆக, இயங்குவது இரண்டே: செயலி, போஸ்ட்கிரஸ்.

ஒரே சர்வரில் 20 லட்சம் வெப்சாக்கெட் இணைப்புகளைத் தாங்கிக் காட்டியது ஃபீனிக்ஸ், 2015இல். இந்த மொழிக்காகப் பேசுகிறவர்கள் தவறாமல் சொல்லும் கணக்கு இது. பத்துத் திரை திறந்திருக்கும் கடைக்கு அதனால் தம்படி பிரயோசனம் இல்லை. இங்கே மொழியைத் தேர்ந்தது வேகத்துக்காக அல்ல, பார்த்துக்கொள்ள வேண்டிய உருப்படிகள் குறைவு என்பதற்காக.

கணக்கு எப்படி எழுதப்பட்டது

மேலே சொன்ன சீட்டையே எடுப்போம். கொடுத்த 5,000 கிராமில் தனி வெள்ளி 4,000. வந்த கொலுசில் 3,889.880. துண்டும் பொடியும் அதே டச் என்று வைத்தால் 89.920. கூட்டினால் 3,979.800. குறைவது 20.200 கிராம். பேசிய சேதாரம் மாதிரிக்கு, கொலுசில் வந்த தனி வெள்ளியில் 0.4 விழுக்காடு என்றால் 15.55952 கிராம். இங்கேதான் கேள்வி வரும்: மூன்றாவது தசமத்தோடு நிறுத்தினால் 15.560. பட்டறை பேரில் நிற்பது 4.640 கிராம்.

எடைகள் எல்லாம் மில்லிகிராமாக முழு எண்ணில்தான் அட்டவணையில் இருக்க வேண்டும். பணம் பைசாவாக. டச் நூறால் பெருக்கிய முழு எண்ணாக, 80 என்பது 8000. மிதவைப் புள்ளி எண்ணை ஓரிடத்தில் விட்டால்கூட ஆறு மாதத்தில் கூட்டுத்தொகை இரண்டு திரையில் இரண்டு விதமாகக் காட்டும். வட்டமாக்குவது ஒரே இடத்தில், சேதாரக் கழிவின் கடைசிப் படியில் மட்டும். அரை மில்லிகிராம் யார் பக்கம் போகும் என்பதை முதலாளியிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். நிரல் எழுதுகிறவர் முடிவு செய்யக்கூடாது.

பட்டறை நிலுவை என்று ஒரு கட்டம் வைத்து அதைக் கூட்டிக் கழிப்பதும் ஆகாது. இரண்டு மேசையிலும் ஒரே பட்டறைக்குச் சீட்டு விழுந்தால் ஒன்று மற்றதை அழித்துவிடும். ஒவ்வொரு சீட்டும் புது வரி. திருத்தம் என்றால் எதிர்ச் சீட்டு. நிலுவை என்பது வரிகளின் கூட்டல். பேரேடு எழுதின பழைய கணக்கப்பிள்ளைகள் செய்ததும் இதுதான். சீட்டு சேமித்ததும் ஃபீனிக்ஸின் பப்சப் (அறிவிப்பைப் பரப்பும் பகுதி) வழியாக அந்தப் பட்டறையின் பெயரில் ஒரு அறிவிப்பு போகும், திறந்திருக்கும் லைவ்வியூ (ஃபீனிக்ஸின் நேரலை வசதி) திரைகள் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிக்கொள்ளும். நாள் சீட்டுப் பட்டியல் நீளமானது என்பதால் அதை ஸ்ட்ரீமாக (திரைக்கு அனுப்பியதும் சர்வர் மறந்துவிடும் பட்டியல்) வைக்க வேண்டும். சாதாரண அசைனாக வைத்தால் ஒவ்வொரு திரைக்கும் முழுப் பட்டியலின் பிரதி சர்வர் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும்.

லைவ்வியூ வந்தால் ஜாவாஸ்கிரிப்டே வேண்டாம் என்பதும் பாதி உண்மை. தராசு சீரியல் கேபிளில் எடையை அனுப்புகிறது. அதை உலாவியில் வாங்க வெப் சீரியல் என்ற உலாவி வசதி வேண்டும். அது முக்கியமாகக் கணினியில் ஓடும் குரோம், எட்ஜ் வகை உலாவிகளில், எச்டிடிபிஎஸ் முகவரியில் வேலை செய்யும். நிலைத்த எடை வந்ததா, இன்னும் ஆடுகிறதா என்று பார்த்து லைவ்வியூவுக்குத் தள்ளும் ஒரு ஹூக்கை (இணைப்பு நிரல்) ஜாவாஸ்கிரிப்டில்தான் எழுதியாக வேண்டும்.

இடறிய இடங்கள்

இந்த ஆய்வில் உருப்படியான பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே.

மூன்றெழுத்துச் சொல் “கொலுசு”. எலிக்ஸிர் நீளம் கேட்டால் 3 என்று சரியாகச் சொல்லும், கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகிற மொழி அது. ஜாவாஸ்கிரிப்ட் 6 என்னும். பிஎச்பியின் பழைய நீளச் சார்பு பைட்டை எண்ணி 18 என்னும். இதுவரை எலிக்ஸிருக்குப் பாராட்டு. ஆனால் எக்டோவில் (எலிக்ஸிரின் தரவுத்தள நூலகம்) ஒரு புலத்தைச் சாதாரண ஸ்டிரிங் என்று மைக்ரேஷனில் (அட்டவணை அமைக்கும் நிரல்) எழுதினால் போஸ்ட்கிரஸில் அது 255 எல்லையுள்ள வார்கேராக இறங்கும், போஸ்ட்கிரஸ் எண்ணுவதோ குறியீட்டுப் புள்ளிகளை (யூனிகோட் அலகுகள்; “லு” என்பதில் இரண்டு). எக்டோவின் நீளச் சோதனை இயல்பாக எண்ணுவது கண்ணுக்குத் தெரியும் எழுத்தை. சீட்டின் விவரக் குறிப்பில் கணக்கர் தமிழில் 150 எழுத்து அடிக்கிறார். எக்டோ 150 என்று பார்த்து விட்டுவிடுகிறது. போஸ்ட்கிரஸுக்கு அது 255ஐத் தாண்டிவிடலாம், தாண்டினால் மதிப்பு மிக நீளம் என்று பிழை எறிகிறது. படிவத்தில் சிவப்பு எச்சரிக்கை வராது, அந்தத் திரையை ஓட்டும் லைவ்வியூ பிராசஸே விழும், திரை ஒரு முறை மின்னித் திரும்பி வரும். ஆங்கிலத்தில் தட்டிச் சோதித்தால் இந்தப் பிழை ஒருநாளும் வராது. தமிழ் அடிக்கும் புலம் எல்லாம் 255 எல்லை இல்லாத டெக்ஸ்ட் வகையாக இருக்கட்டும். எல்லை வேண்டுமென்றால் சோதனையிலும் குறியீட்டுப் புள்ளியை எண்ணச் சொல்ல வேண்டும்.

அதே சொல்லில் இன்னொரு கண்ணி. “கொ” என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே புள்ளியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு புள்ளியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. உள்ளே ஒன்று 18 பைட், மற்றது 21. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியலில் இரண்டாவது வகை கலந்து வரலாம், அப்போது தேடலில் கொலுசு கிடைக்காது. சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் என்எஃப்சி என்ற சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்ற எலிக்ஸிரிலேயே சார்பு இருக்கிறது. ஏற்கெனவே உள்ளே போனதைச் சரிசெய்ய போஸ்ட்கிரஸ் 13இலிருந்து நார்மலைஸ் உண்டு. பட்டறைக்குத் தமிழில் எஸ்எம்எஸ் போனாலும் இதே எண்ணிக்கைதான் காசு: யூனிகோட் செய்தி ஒன்றுக்கு 70 இடம், ஆங்கிலத்துக்கு 160. “கொலுசு” என்ற மூன்றெழுத்து அங்கே ஆறு இடம் பிடிக்கும்.

நேர மண்டலம் அடுத்தது. எலிக்ஸிர் தன்னோடு கொண்டுவருவது யூடிசி (உலகப் பொது நேரம்) மட்டுமே. ஆசியா/கொல்கத்தா என்று கேட்டால் பிழைதான் பதிலாக வரும். டிஇசட்டேட்டா போன்ற நூலகத்தைச் சேர்த்து அமைப்பில் அறிவிக்க வேண்டும். சேர்க்காமல் யூடிசி தேதியையே நாளாகக் கொண்டால் அதிகாலை 5:30 வரை விழும் சீட்டுகள் முந்தைய நாள் கணக்கில் ஏறும். கடை அந்நேரம் மூடியிருக்கும் என்பதால் சோதனையில் மாட்டாது. தீபாவளி நெருக்கத்தில் நள்ளிரவு தாண்டி எடை போடும்போதுதான் தலைகாட்டும். வேடிக்கை என்னவென்றால், ராத்திரி வேலையை முந்தைய நாளில் சேர்ப்பதுதான் கடைக்காரருக்கும் வசதியாக இருக்கக்கூடும். இருந்தாலும் அது தற்செயலாக நடக்கக்கூடாது. “கடை நாள்” என்று தனிப் புலம் வைத்து, எத்தனை மணிக்கு மாறும் என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எர்லாங் உலகத்தில் “விழட்டும் விடு” என்பார்கள்: பிராசஸ் (தனியாக ஓடும் சிறு வேலை) விழுந்தால் அதைக் கண்காணிக்கும் சூப்பர்வைசர் திரும்ப எழுப்பும். கவனிக்க வேண்டிய எண் அதில் இருக்கிறது. சொல்லாமல் விட்டால், 5 நொடிக்குள் 3 தடவைக்கு மேல் எழுப்ப வேண்டி வந்தால் சூப்பர்வைசர் தானும் விழும். வெள்ளி விலையை வெளித்தளத்திலிருந்து எடுக்கும் ஜென்சர்வரை (தொடர்ந்து ஓடும் ஒரு பிராசஸ்), தொடங்கும்போதே விலை கேட்கும்படி எழுதியாகிவிட்டது. வெளித்தளம் படுத்தது. தொடங்கும், விழும், தொடங்கும், விழும். நாலாவது விழுதலில் சூப்பர்வைசர், அதோடு மொத்தச் செயலி. விலை தெரியாததால் எடையே போட முடியாத நிலை. முதலில் காலியாகத் தொடங்கி, பிறகு கேட்டு, கிடைக்காவிட்டால் கடைசி விலையை அதன் நேரத்தோடு காட்டி, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்பதுதான் சரி. இந்த வேலைக்கு ஜென்சர்வரே தேவையில்லை, ஓபானில் நேரம் குறித்த ஒரு வேலை போதும்.

நிறுவும்போது வருபவை சுருக்கமாக. ரிலீஸை (சர்வரில் ஓட்டுவதற்காகக் கட்டிய தொகுப்பு) எந்த இயங்குதளத்தில் கட்டினோமோ அதே பதிப்பில்தான் ஓட்ட வேண்டும். உபுண்டு 24.04இல் கட்டியதை 22.04இல் வைத்தால் சி நூலகம் 2.39க்கும் 2.35க்கும் ஒத்துவராமல் கிளம்பாது. சின்ன விபிஎஸிலேயே எர்லாங்கைத் தொகுக்கப் பார்த்தால் நினைவகம் மூச்சுத் திணறும், வெளியே டாக்கரில் (தனித்துப் பிரித்த இயங்குசூழல்) கட்டிக் கொண்டுபோவது மேல். ரிலீஸுக்குள் மிக்ஸ் என்ற கட்டளைக் கருவி கிடையாது, மைக்ரேஷனுக்குத் தனிச் சார்பு எழுதி அதை அழைக்க வேண்டும். பக்கம் வருகிறது, ஆனால் சில நொடிக்கு ஒரு தரம் தானே ரீலோட் ஆகிறது என்றால் இரண்டே இடம் பாருங்கள்: ஹோஸ்ட் பெயர் அமைப்பில் உண்மையான முகவரி இருக்கிறதா (எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று பார்க்கும் ஆரிஜின் சோதனையில் வெப்சாக்கெட் தள்ளப்படுகிறது), செயலிக்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் சர்வரில் அப்கிரேட், கனெக்‌ஷன் தலைப்புகள் கடத்தப்படுகின்றனவா. கரண்ட் போய் ரவுட்டர் அணைந்து திரும்பினால் பாதி அடித்த சீட்டு மீள, படிவத்துக்கு ஐடியும் மாற்ற நிகழ்வும் கட்டாயம். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் கட்டங்கள் காலியாகத்தான் வரும்.

நூலகம் இல்லாத இடம்

இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவையான ரேசர்பே, பிஎச்பி, பைத்தான், நோட் முதலிய மொழிகளுக்குத் தானே நூலகம் தருகிறது, எலிக்ஸிருக்குத் தருவதில்லை. ஆர்டர் உருவாக்குவது சாதாரண எச்டிடிபி அழைப்புதான், தொகை பைசாவில். சிக்கல் வெப்ஹூக்கில் (பணம் வந்ததும் ரேசர்பே நம் சர்வருக்கு அனுப்பும் செய்தி). கையொப்பத்தை வந்த உடலின் மூலப் பைட்டுகள்மீது ஹெச்மேக் ஷா-256 போட்டுச் சரிபார்க்க வேண்டும். ஃபீனிக்ஸில் அந்த உடல் கன்ட்ரோலருக்கு வருமுன்பே ஜேசனாகப் பிரிக்கப்பட்டுவிடும். பிரித்ததைத் திரும்ப ஜேசனாக்கிப் பார்த்தால் பொருந்தாது. பார்சருக்குத் தனி பாடி ரீடர் கொடுத்து மூலத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். சில வரிதான், தெரியாவிட்டால் இரண்டு நாள் போய்விடும்.

மின் விலைப்பட்டியல் கொஞ்சம் கூடுதல் வேலை. 2023 ஆகஸ்ட் முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு அது கட்டாயம். வெள்ளி வியாபாரத்தில் 5 கோடி பெரிய தொகை இல்லை. அரசுத் தளத்தோடு நேரடியாகப் பேச ஆர்எஸ்ஏ, ஏஇஎஸ்-256 இசிபி என்ற இரண்டு மறையாக்கப் பூட்டும் வேண்டும். எலிக்ஸிரில் தயார் நூலகத்தைத் தேடி அலைய வேண்டாம், எர்லாங்கின் கிரிப்டோ, பப்ளிக் கீ தொகுதிகளில் இரண்டும் இருக்கின்றன. எடுத்துக்காட்டு நிரல்கள் வேறு மொழிகளில் இருக்கும். அவற்றை வாசித்து மாற்றி எழுதத் தெரிந்த ஆள் குழுவில் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் இல்லையென்றால் இந்த மொழியைத் தொடவே வேண்டாம்.

“நாளைக்கு யாருங்க பாப்பாங்க?”

“தம்பி, நீங்க வேற வேலைக்குப் போயிட்டா இதை யாருங்க பாப்பாங்க?” என்று கடைக்காரர் கேட்பார். “ஆள் கிடைச்சிருவாங்கண்ணா” என்ற பதில் போதாது. சேலத்தில் கிடைக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு மூன்று ஏற்பாடு.

எலிக்ஸிரை எலிக்ஸிர்க்காரர்களின் பெருமைக்காக எழுதாமல், பிஎச்பிக்காரர் வாசிக்கும்படி எழுதுவது முதலாவது. சொந்த மேக்ரோ (நிரலை எழுதும் நிரல்) கூடாது, குடைத் திட்டம் (பல செயலிகளை ஒன்றாகக் கட்டும் அமைப்பு) கூடாது, ஜென்சர்வர் ஒன்றிரண்டுக்கு மேல் கூடாது. புதிதாக வருபவர் இடறுவது பெரும்பாலும் ஒரே இடம்: இஃப்புக்குள் ஒரு மாறிக்குப் புது மதிப்பு கொடுத்தால் அது வெளியே வராது, ஃபாருக்குள் கூட்டுத்தொகை சேராது. ரெட்யூஸ் (ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும் சார்பு) எழுதப் பழகியதும் பாதி மலை ஏறியாகிவிட்டது. அடுத்து, எர்லாங், எலிக்ஸிர் பதிப்பு எண்கள் திட்டத்துக்குள்ளேயே கோப்பில் பூட்டியிருக்க வேண்டும்; இரண்டுக்கும் பொருத்தம் பார்க்காமல் ஒன்றை மட்டும் ஏற்றக்கூடாது.

மூன்றாவதுதான் கடைக்காரரிடம் காட்டத்தக்கது. டச், சேதாரம், நிலுவைக் கணக்கு முழுவதும் ஃபீனிக்ஸைத் தொடாத ஒரே மாட்யூலில் இருக்கும். கூடவே 40 மாதிரிச் சீட்டுகள், ஒவ்வொன்றுக்கும் கணக்கரே கையால் போட்ட விடை, சாதாரண சிஎஸ்வி கோப்பில். எலிக்ஸிர்ச் சோதனை ஓடுவதும் அந்தக் கோப்பை வைத்தே. நாளை யாராவது லாரவெல்லில் மாற்றி எழுதினால் அவர் கையில் விடைத்தாள் இருக்கும். இரவு தோறும் போஸ்ட்கிரஸ் நகல் கடைக்காரர் பெயரில் உள்ள இடத்துக்குப் போகும், நிரல் எழுதியவர்கள் பெயரில் உள்ள இடத்துக்கு அல்ல. ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை உண்டு: எலிக்ஸிர் தெரியாத, எஸ்க்யூஎல் தெரிந்த ஒருவரிடம் வாசிக்க மட்டும் அனுமதி கொடுத்து, ஏதாவது ஒரு பட்டறையின் நிலுவையை எடுக்கச் சொல்வது. ஒரு மதியத்துக்குள் அவருக்குச் சரியான எண் வரவில்லையென்றால் கோளாறு அட்டவணை அமைப்பில்தான்.

பகிர்வு ஹோஸ்டிங்கில் பிஎச்பி கோப்பை ஏற்றிவிட்டுப் போகிற மாதிரி இதை விட முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விபிஎஸ் வாடகை மாதாமாதம் உண்டு. லினக்ஸின் சிஸ்டம்டி சேவையாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இதே குழு ஏற்காட்டில்

இதே ஆட்களிடம், 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம், பறித்த பழத்தின் எடைப் பதிவு கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு அதே வேலை: ஆள் பெயர், எடை, கூலி, நிலுவை. லைவ்வியூ அங்கே தோற்கும். ஒவ்வொரு விசைத்தட்டலுக்கும் சர்வர் எதிர்முனையில் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அமைப்பு. பறிப்புக் காலம் நவம்பரில் தொடங்கும்போது மலைச்சரிவில் எடை போடும் இடத்தில் சிக்னல் இல்லையென்றால் திரை அப்படியே உறைந்து நிற்கும். அங்கே பதிவு கைப்பேசி உலாவிக்குள் இருக்கும் இன்டெக்ஸ்டு டிபி சேமிப்பிலேயே விழ வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் கைப்பேசியே யூயூஐடி (தனித்த அடையாள எண்) போட வேண்டும். சாயங்காலம் சிக்னல் வரும் இடத்தில் ஒரே வரி இரண்டு தரம் ஏறினாலும் சர்வர் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். சர்வர் பக்கம் செய்வது வாங்கி வைப்பது மட்டும் என்பதால் அந்த வேலைக்கு லாரவெல்லும் பகிர்வு ஹோஸ்டிங்கும் தாராளம்.